எந்தச் சோகை?
கர்ப்பிணிகளின் இரத்தசோகைக்கு ஒரு நூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவரும் விடைகள்

தாராபுரத்திலிருந்து கரூர்ச் சாலையில் போனால் மூலனூர் வரும். முருங்கைக்குப் பேர்போன ஊர். ஊரின் பெயரிலேயே ஒரு முருங்கை ரகம் உண்டு. கர்ப்பிணிக்கு இரத்தம் ஊற வேண்டுமென்றால் கொங்கு வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது முருங்கைக்கீரைதான். ஆனால் அந்தக் கீரையில் இரும்புச்சத்து எவ்வளவு என்பதிலேயே ஆய்வுக்கூடங்கள் ஒரு சொல்லில் நிற்கவில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 1989ஆம் ஆண்டுப் பட்டியலில் 100 கிராம் கீரைக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ நாலரை மில்லிகிராம். மண்ணும் ரகமும் ஓரளவு காரணமாக இருக்கலாம். அளந்த முறைக்கும் அதில் பங்கு இருக்கும்.

கீரையின் கணக்கே இப்படியென்றால், அதைச் சாப்பிடுகிற பெண்ணின் இரத்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் 44.4. இந்தியா முழுவதற்கும் அதே காலத்தில் 50.4 என்பது 52.2 ஆனது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது 1970இல். அரை நூற்றாண்டு மாத்திரை விழுங்கிய பிறகும் இரண்டில் ஒருத்தி என்ற கணக்கு ஏன் அசையவில்லை?

இந்தக் கேள்விக்கு விடைகள் ஏராளம். மாத்திரையை யாரும் விழுங்குவதில்லை என்பது ஒன்று. மாத்திரை போதாது, ஊசி வேண்டும் என்பது இன்னொன்று. குறை இரும்பில் இல்லை, வேறு சத்தில் என்போர் உண்டு. சோகையே இவ்வளவு இல்லை, அளவுகோல்தான் பிழை என்போரும் உண்டு. ஒவ்வொரு விடையும் யாரோ சில பெண்களுக்கு உண்மையாகவே இருந்திருக்கிறது. சிலருக்குப் பொருந்தியதை எல்லோருக்குமாக விரித்த இடத்தில்தான் ஒவ்வொன்றும் தடுக்கி விழுந்திருக்கிறது.

செந்தூரமும் மாத்திரையும்

ஊரில் இதற்குச் ‘சோகை’ என்ற பெயர் பேச்சில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. ‘ரத்தம் கம்மி’, ‘ரத்தம் பத்தலை’ என்பார்கள். சித்த மருத்துவத்தில் பாண்டு. அதற்குத் தரப்படும் அன்னபேதிச் செந்தூரத்தின் மூலப்பொருளான அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். 1832இல் பிரான்சில் பியர் ப்ளோ என்ற மருத்துவர் வெளுத்த இளம்பெண்களுக்குக் கொடுத்த மாத்திரையிலும் இருந்தது அதே இரும்பு சல்பேட்தான். இன்று துணை சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரைவரை அந்த வழி நீள்கிறது. மரபு மருத்துவமா நவீன மருத்துவமா என்று மேடைகளில் வாதாடுகிறவர்கள் கவனிக்காமல் விடும் செய்தி இது: இந்த நோயில் இரு தரப்பும் நெடுங்காலம் ஒரே உப்பைத்தான் கையில் வைத்திருந்திருக்கின்றன.

சித்த மருந்துகளுக்குச் சான்று தேடும் முயற்சி அண்மையில் நடந்திருக்கிறது. அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் நான்கையும் 45 நாள் கொடுத்து வளரிளம் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. 2,300 பேர் அதை நிறைவுசெய்தார்கள். ஹீமோகுளோபின் உயர்ந்தது என்கிறார்கள். ஆனால் அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த ஆய்வு அல்ல. கர்ப்பிணிகளிடம் நடந்ததும் அல்ல. எனவே அதை நம்பிக்கையூட்டும் தொடக்கம் என்று கொள்ளலாம். அதற்கு மேல் சொல்வது அவசரம்.

மில்காரப் பெண்களும் மார்மைட்டும்

இரும்பே எல்லாம் என்ற நம்பிக்கையை முதலில் உலுக்கியது ஒரு பஞ்சாலை நகரம். இந்தியாவில் பேறுகால மரணங்களின் காரணங்களைத் தேடிய விசாரணையில் மருத்துவர் மார்கரெட் பால்ஃபர் முன்னின்றார். அந்த வேலைக்காக 1928இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்தவர் லூசி வில்ஸ். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களின் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையாக வெளுத்துப்போனார்கள். பிள்ளை பெறும் முன்போ பெற்ற கையோடோ சிலர் இறந்தார்கள். அவர்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெருத்திருந்தன. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும். இது வேறு சோகை.

அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வில்ஸ் கேட்டு எழுதத் தொடங்கினார். மிக ஏழைகளான முஸ்லிம் பெண்களின் சாப்பாடுதான் மிகவும் வறண்டிருந்தது. சோகையும் அவர்களிடம்தான் மிகுதி. 1929 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அவர் வேலை குன்னூருக்கு மாறியது. கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு மேலே, பாஸ்டர் நிறுவனத்தில், ராபர்ட் மெக்கரிசன் உணவாராய்ச்சிக்கூடம் ஒன்றை நடத்திவந்தார். அங்கே 1918இல் பெரிபெரி நோய் விசாரணையாகத் தொடங்கிய வேலைதான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1931 தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையில் இருந்தார்.

விலங்குச் சோதனைகள் நேர்வழியில் போகவில்லை. பம்பாய்ப் பெண்களின் உணவைப் போட்ட எலிகளுக்குச் சோகை வந்தது. ஈஸ்ட் கொடுத்தால் வராமல் நின்றது. ஆனால் எலிகளின் சோகைக்கு அவற்றின் பேன் பரப்பிய ஒரு கிருமியும் காரணம் என்று பிறகு தெரிந்தது. சோதனை குரங்குகளுக்கு மாறியது. அங்கேதான் மார்மைட் வந்தது. பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்து இங்கிலாந்தில் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் கறுத்த, உப்புக் கரிக்கும் பசை அது. மலிவானது. குரங்கு தேறியது, கர்ப்பிணிகளும் சில நாட்களில் தேறத் தொடங்கினார்கள். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வில்ஸ் அதை எழுதினார்.

அவரது நுட்பம் அடுத்த அடியில் இருக்கிறது. பெர்னிசியஸ் அனீமியா எனப்படும் கொடிய சோகைக்கு ஈரல் மருந்து என்று 1926இல் மைனாட்டும் மர்ஃபியும் காட்டியிருந்தார்கள். வெறும் ஈரல்சாறு பம்பாய்ப் பெண்களையும் தேற்றியது. ஆனால் நன்றாகச் சுத்திகரித்த ஈரல்சாறு கொடிய சோகையைத் தீர்த்தபோதும் இவர்களின் சோகையைத் தீர்க்கவில்லை. அப்படியானால் ஈரலில் இருப்பவை இரண்டு பொருள்கள். நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு சோகைகளை மருந்தை வைத்தே பிரித்துக் காட்டிவிட்டார். அந்தப் பெயரில்லாத பொருள் ‘வில்ஸ் காரணி’ ஆனது. 1941இல் பசலைக்கீரையைக் கூடைகூடையாக அரைத்து அமெரிக்கர்கள் பிரித்தெடுத்த பொருளுக்கு, இலைக்கான லத்தீன் சொல்லை வைத்து, ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. 1945இல் அதைச் செயற்கையாக ஆக்கியதாக அறிவித்த லெடர்லி ஆய்வகக் குழுவுக்குத் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ்.

வில்ஸின் விடைக்கும் எல்லை இருந்தது. அவர் பார்த்தது பெருஞ்செல் சோகையை மட்டும். பிந்தைய பத்தாண்டுகளின் இந்திய ஆய்வுகளில் இரும்புக் குறையே கர்ப்பிணிகளிடம் பெரும்பங்கு என்று தெரிந்தது. ஃபோலிக் அமிலம் இரும்பு மாத்திரைக்குள் 500 மைக்ரோகிராம் துணைப் பயணியானது. விடை நிலைத்தது, அவர் கேட்ட கேள்வி, அதாவது ‘இது எந்தச் சோகை?’ என்பது, திட்டத்துக்குள் வரவில்லை.

புழு

இடையில் இன்னொரு விடையும் வந்து போனது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களின் குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. 1920களில் ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு சென்னை மாகாணத்தில் இதற்கென்றே இயக்கம் நடந்தது. கழிப்பறையும் செருப்பும் பெருகியதால் புழு குறைந்தது. ஆனாலும் போய்விடவில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரை போகிறது. கொக்கிப்புழுவோ பெரியவர்களிடம் தங்கும் வகை. பெரியவர்களையும் சேர்த்து மருந்து கொடுத்தால் பரவலை நிறுத்த முடியுமா என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தமிழ்நாட்டில் பெரிய கள ஆய்வு நடத்தியிருக்கிறது. அமராவதிப் பாசனத்து நெல்வயலுக்கும் மூலனூர் வறண்ட காட்டுக்கும் இந்த விடை ஒரே அளவில் பொருந்தாது. புழு முட்டைக்கு ஈரம் வேண்டும்.

எண்ணிய மாத்திரையும் விழுங்கிய மாத்திரையும்

1970இல் தொடங்கிய திட்டம் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பு, 100 நாள் என்றது. 1991இல் அது 100 மில்லிகிராம் ஆனது. 2018இன் ‘இரத்தசோகை இல்லா இந்தியா’ திட்டம் மறுபடி 60க்கு இறங்கியது, நாட்களை 180 ஆக்கியது, பிள்ளை பெற்ற பிறகு இன்னொரு 180 நாளும் சேர்த்தது. ஏற்றி இறக்கிய இந்த எண்களே அறிவு எவ்வளவு தளும்பிக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று.

மாத்திரை வேலை செய்யாது என்று சொல்லிவிட முடியாது. உலகளவிலான ஆய்வுகளைத் திரட்டிய 2015ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பின்படி, கர்ப்பகாலத்தில் அன்றாடம் இரும்பு கொடுத்தால் பேறு நெருங்கும் நேரத்தில் சோகை 70 விழுக்காடு குறைகிறது. ஆய்வில் பலிப்பது ஊரில் ஏன் பலிப்பதில்லை? கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கர்ப்பத்துக்குக் கூடுதலாக வேண்டிய இரும்பு ஏறத்தாழ ஒரு கிராம். 60 மில்லிகிராம் வீதம் 180 மாத்திரையில் இருப்பது 10.8 கிராம். பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தாலும் கணக்குச் சரியாகிவிடும், எல்லா மாத்திரையும் வயிற்றுக்குள் போயிருந்தால். ஐந்தாம் குடும்ப நல ஆய்வில், 180 நாளும் மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்ன இந்தியத் தாய்மார்கள் 26 விழுக்காடு. 100 நாள் சாப்பிட்டதாகச் சொன்னோர் 44.1.

மசக்கைக்காரிக்கு மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும். மலம் கறுக்கும், கட்டும். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் டீயின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போடும். இந்தத் தடைகள் எல்லாம் இருப்பது உண்மைதான். ஆனால் இந்த வாதத்தில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது: பழி முழுதும் விழுங்காத பெண்ணின் மேல் விழும், மாத்திரையின் மேல் கேள்வி எழாது. 100 நாள் சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மார்களின் தேசியக் கணக்கு 30.3இலிருந்து 44.1க்கு உயர்ந்த அதே ஐந்தாண்டில்தான் சோகைக் கணக்கும் கூடியது. விழுங்குவது மட்டும்தான் சிக்கலென்றால் இரண்டும் எதிரெதிராக அல்லவா நகர்ந்திருக்க வேண்டும்?

விழுங்கிய மாத்திரையும் முழுதாகச் சேர்வதில்லை என்பதற்குக் காரணம் 2000ஐ ஒட்டிக் கண்டறியப்பட்ட ஹெப்சிடின் என்ற ஹார்மோன். இரும்பு வந்தவுடன் அது ஏறும். அடுத்த வேளை இரும்புக்குக் குடல் கதவைச் சாத்திவிடும். அன்றாடம் கொடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் கூடுதல் பங்கு சேர்கிறது என்று 2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் கர்ப்பிணிகள் அல்லர். இரும்பு குறைந்த இளம்பெண்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஹெப்சிடின் தானாகவே தாழும். சூரிச் கணக்கு அப்படியே தாராபுரம் பக்கத்துக் குண்டடத்துக்கு வருமா என்று சொல்ல முடியாது.

பதினொன்றா, பத்தரையா?

வேறு சிலர் நோயை விட்டுவிட்டு அளவுகோலைக் கேள்வி கேட்கிறார்கள். கர்ப்பிணிக்கு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் சோகை என்ற எல்லையை உலக சுகாதார நிறுவனம் 1968இல் உறுதிசெய்தது. அதற்கு ஆதாரமான ஆய்வுகள் சில. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவை. கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி செல்களைவிட வேகமாகக் கூடும். சாம்பாரில் பருப்பு அதேதான், தண்ணீர் கூடியிருக்கிறது. எண் இறங்குவதெல்லாம் நோய் ஆகாது. 1995இல் லண்டன் பகுதியில் 1,53,602 கர்ப்பங்களை ஆராய்ந்த பிலிப் ஸ்டீரின் குழு, எடை குறைந்த குழந்தைகள் மிகக் குறைவாகப் பிறந்தது 9.5க்கும் 10.5க்கும் இடைப்பட்ட தாய்மார்களிடம் என்று கண்டது. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் இறங்காமலே நிற்பதும் நல்லதல்ல.

இந்தியாவில் இந்த வாதத்தைக் கையிலெடுத்தவர்கள் எச்.பி.எஸ். சச்தேவ், அனுரா குர்பத் முதலியோர். நலமான இந்தியக் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் அளவைக்கொண்டு எல்லையை மாற்றி வரைந்தால், அந்த வயதினரிடம் சோகை 30 விழுக்காட்டிலிருந்து 10.8க்கு இறங்குகிறது என்று 2021இல் எழுதினார்கள். விரல்நுனியைக் குத்தி எடுக்கும் துளியும் நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தமும் ஒரே எண்ணைத் தருவதில்லை என்ற வாதமும் சேர்ந்துகொண்டது. குடும்ப நல ஆய்வு விரல்நுனித் துளியை நம்பியது. ஆறாம் சுற்றில் இரத்தப் பரிசோதனையே நீக்கப்பட்டு, அந்த வேலை தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தனி ஆய்வுக்குப் போயிருக்கிறது. அளக்கும் முறை திருந்துவது நல்லதே. ஆனால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டு, சோகை குறைந்துவிட்டது என்று யாராவது மாலை போட்டுக்கொண்டால் அது கணக்கு ஆகாது.

2024இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களுக்கு எல்லையை 10.5 ஆக்கியது. அளவுகோல் கட்சியினருக்கு இது பாதி வெற்றி. அவர்களின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. எல்லையைச் சுற்றி நிற்கிறவர்களின் பெயர் மாறலாம். 7 கிராமுக்குக் கீழே போய்ப் பிரசவ அறைக்கு வருகிற பெண்ணுக்கு எந்த அளவுகோலும் ஆறுதல் தராது. அவளுக்குப் பிறர் தாங்குகிற இரத்தப்போக்கே உயிருக்கு ஆபத்தாகும். மிதமான, கடுமையான சோகையோடு பிள்ளை பெற்ற 15,068 பெண்களிடம், இரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. பாகிஸ்தானிலும் மூன்று ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்தது. மருந்து பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கைக் குறைக்கவில்லை. கடைசி மணிநேரத்தில் ஈடுகட்ட முடியாத குறை என்பது அதிலிருந்து தெரிகிறது.

ஊசி

மாத்திரை சேரவில்லை என்றால் நரம்பு வழியே ஏற்றிவிடலாம். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுவது இன்று வழக்கமான காட்சி. ஒரே தடவையில் 1,000 மில்லிகிராம்வரை ஏற்றக்கூடிய ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸும் வந்துவிட்டது. எண் வேகமாக ஏறும். ஏற்றியது ஏட்டில் நிற்கும். மறந்துவிட்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எண் ஏறுவதும் தாயும் பிள்ளையும் நலமாவதும் ஒன்றா என்று கேட்ட ஆய்வுகள் கொஞ்சம் நிதானிக்கச் சொல்கின்றன. இந்தியாவின் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் மிதமான, கடுமையான சோகையுள்ள 2,018 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. ஊசிக் குழுவுக்கும் மாத்திரைக் குழுவுக்கும் தாய்மார்களின் நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மலாவியில் 862 பெண்களிடம் கார்பாக்ஸிமால்டோஸை மாத்திரையோடு ஒப்பிட்ட 2023ஆம் ஆண்டு ஆய்வில், 36ஆம் வாரத்தில் சோகை ஊசிக் குழுவில் 52 விழுக்காடு, மாத்திரைக் குழுவில் 57. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். இரும்பை நேராக இரத்தத்தில் கொட்டிய பிறகும் பாதிப் பெண்கள் சோகையிலேயே நின்றார்கள். அவர்கள் சோகைக்கு இரும்பு மட்டும் காரணமாக இருந்திருக்காது என்பதைத்தவிர இதற்கு எளிய விளக்கம் கிடைப்பது கடினம். ஆனால் இரண்டையும் ஊசிக்கு எதிரான தீர்ப்பாகப் படிக்கக்கூடாது. ஆய்வில் மாத்திரைக் குழுவும் கண்காணிப்பில் இருந்தது. எட்டாம் மாதத்தில் 7.5 கிராமோடு முதன்முறையாக வரும் பெண்ணுக்கு, காத்திருக்க நாளில்லாததால், ஊசியே பொருத்தம்.

ரேஷன் அரிசி, கம்பு, கீரை

2021 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் ரேஷனில் வழங்கப்பட்ட செறிவூட்டிய அரிசி புதிய விடை. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. கூடவே ஃபோலிக் அமிலமும் பி12உம். நாளைக்கு 300 கிராம் அரிசி தின்றால் எட்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு, தாளில். சமையலறையில் வேறு கதை. அந்தச் செறிவூட்டிய மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறார்கள். கொங்குப் பகுதியில் ரேஷன் அரிசி இட்லி மாவுக்குப் போகும். ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடப் போகும். சோறு வடித்தால் சத்தில் ஒரு பகுதி கஞ்சியோடு ஓடும். இவற்றுக்கு மேல், இரும்பூட்டிய அரிசி சோகையைக் குறைப்பதில் பெரிதாக வேறுபாடு காட்டாமல் போகலாம் என்று 2019 காக்ரேன் தொகுப்பு சொல்லியிருக்கிறது. சிக்கிள் செல், தலசீமியா உள்ளவர்களுக்கு இரும்பு கூடுவது தீங்கு என்ற எச்சரிக்கையும் உண்டு.

சேலத்தில் பிறந்து, 1960 முதல் ஐதராபாத் நிறுவனத்தை நடத்திய சி. கோபாலன், உணவுக் குறையை மருந்துக்கடை வழியில் தீர்க்கப் பார்ப்பதை நெடுகிலும் ஐயத்தோடு பார்த்தவர். அவர் வழியினர் தானியத்தை மாற்று என்பார்கள். கொங்கின் பழைய சோறு கம்பும் சோளமும் ராகியும். 2017 பட்டியலின்படி 100 கிராம் கம்பில் 6.4 மில்லிகிராம் இரும்பு. தீட்டிய வெள்ளை அரிசியில் 0.65. பத்து மடங்கு. ஆனால் கம்பின் தோலில் இருக்கும் ஃபைட்டிக் அமிலம் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்துப் புளிக்கவிட்டால் பிடி தளரும். கம்மங்கூழைப் புளிக்கவைத்தே குடித்த பழக்கத்துக்கு இதனால் ஒரு வேதியியல் நியாயம் கிடைக்கிறது. இரும்பு கூடிய கம்பு ரகத்தை மகாராஷ்டிர வளரிளம் பருவத்தினரிடம் கொடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் உடலின் இரும்பு இருப்பு உயர்ந்தது. கர்ப்பிணிகளிடம் அதே பலன் எவ்வளவு என்பது காட்டப்பட வேண்டியது. கம்புக்குத் திரும்பு என்ற அறிவுரை இடிக்கவும் திரிக்கவும் ஆள் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறது. மில்லில் ஷிப்ட் முடித்து வரும் பெண்தான் அதையும் செய்ய வேண்டியிருக்கும்.

இரும்பல்லாத காரணங்கள்

1962இல் வேலூரிலிருந்து லான்செட்டுக்கு ஒரு கட்டுரை போனது. தாய்ப்பால் மட்டும் குடித்து வளர்ந்த சில குழந்தைகள் சோர்ந்து, தோல் கறுத்து, கற்ற அசைவுகளையும் இழந்து வந்தார்கள். எம். ஜாதவும் செல்வின் பேக்கரும் அடங்கிய குழு அதை பி12 குறை என்று கண்டது. தாய்மார்களிடமே அந்தச் சத்து இல்லை. கர்ப்பிணியின் சோகையைத் தனியே பார்க்கக்கூடாது, அது பிள்ளைக்குள்ளும் தொடரும் என்பதற்கு அதைவிடத் துல்லியமான சான்று குறைவு. தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரையான குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்குச் சோகை என்று ஐந்தாம் ஆய்வு சொல்லும்போது, அதில் எவ்வளவு கருப்பையிலேயே தொடங்கியது என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

அரசு மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது, பி12 இல்லை. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தில் ஃபோலேட் மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் தடை கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. அதே ஃபோலிக் அமிலம் கருவின் முதுகுத்தண்டுக் குறையை 72 விழுக்காடு தடுத்ததை 1991ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வு நிறுவியிருக்கிறது. ஃபோலிக்கை எடுத்துவிடு என்று யாரும் சொல்ல முடியாது. பி12ஐச் சேர் என்ற வாதத்துக்கு வலு இருக்கிறது. கர்ப்பிணிகளிடம் பெரிய அளவில் சோதித்த சான்று இன்னும் கனம் பெறவில்லை.

நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் இருப்பதை 1952இல் லேமானும் கட்புஷும் கண்டார்கள். இந்தியாவில் அதுவே முதல் அறிவிப்பு. சமவெளித் தாராபுரத்துக்கு இதன் பங்கு சிறிதாகவே இருக்கலாம். என்றாலும் மாத்திரையும் ஊசியும் பலிக்காத பெண்ணிடம் பரம்பரைக் காரணத்தைத் தேடாமல் இரும்பையே மேலும் மேலும் கொடுப்பது தவறு. தான்சானியாவின் பெம்பா தீவில் சுனில் சசாவல் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், மலேரியா மிகுந்த இடத்தில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக்கும் கொடுத்தபோது கடுமையான நோயும் மரணமும் கூடின. கொங்கில் மலேரியா அந்த அளவில் இல்லை. ஆனால் இரும்பு எப்போதும் பாதிப்பில்லாதது என்ற எண்ணத்தை அந்த ஆய்வு நிரந்தரமாக உடைத்துவிட்டது.

எங்கே நிற்கிறோம்

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. கடுமையான சோகை ஆபத்தானது, அதில் வாதமில்லை. இரும்புக் குறை இருக்கும் பெண்ணுக்கு இரும்பு பலிக்கும், மாத்திரையோ ஊசியோ. இந்தியக் கர்ப்பிணிகளின் சோகை முழுதும் இரும்புக் குறையல்ல என்பதும் ஏறத்தாழ ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை. எல்லை எது என்பதில் உலக சுகாதார நிறுவனமே பாதி வழியில் நிற்கிறது. கர்ப்பமான பிறகு தொடங்கும் எந்த மருத்துவமும் தாமதம்தானோ, பதினாறு வயதில் மில் விடுதிக்கு வரும் பெண்ணிடமே தொடங்க வேண்டுமோ என்ற கேள்விக்கும் நேரடிச் சான்று குறைவு. பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்களைப் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சி, நூற்பாலைகள் சூழ்ந்த இந்தத் தாராபுரம் வட்டத்துக்குப் பொருந்துமா என்பது பார்க்கவேண்டிய ஒன்று. உணவும் வேலையும் காலமும் மாறிவிட்டன.

மாவட்டத்துக்குக் கீழே எந்தத் தேசிய ஆய்வும் இறங்குவதில்லை. தாராபுரம் வட்டத்துக் கர்ப்பிணிகளில் இரும்புக் குறை எத்தனை, பி12 குறை எத்தனை, இரண்டுமில்லாதது எத்தனை என்பது அந்த அளவில் தெரிய வேண்டுமானால் ஃபெரிட்டினும் பி12உம் அளக்க வேண்டும். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் அதையும் திருத்திப் பார்க்க வேண்டும். செலவுள்ள வேலை.

செலவில்லாத ஒன்று இருக்கிறது. தானியங்கி இரத்த அணு எண்ணி உள்ள ஆய்வகம் எதிலும், ஹீமோகுளோபின் அச்சாகும் அதே சீட்டில் சில வரிகள் கீழே எம்.சி.வி. என்ற எண்ணும் அச்சாகிறது. சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. லூசி வில்ஸ் நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தது. இரும்பும் பி12உம் ஒருசேரக் குறைந்தால் ஒன்று செல்லைச் சிறுக்கவும் மற்றது பெருக்கவும் செய்து எண் நடுவில் நின்று ஏமாற்றும். எனவே அது தனியே தீர்ப்புச் சொல்லாது. ஆனாலும் தாய்சேய் நல அட்டையில் ஹீமோகுளோபினுக்குக் கட்டம் இருக்கிறது. செவிலியர் அந்த ஒரு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்.